யார் படிக்க வாங்குகிறார்கள்?

வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்து காசு வீதம் நூலகத்துக்கும் சேர்த்தே கட்டுகிறோம். 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் போட்டுக்கொடுத்த வழி அது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பல ஆண்டு விடாமல் முயன்றதன் பலன். அந்தப் பணத்தில் இன்று மாநிலம் முழுக்க 4,000-க்கும் மேற்பட்ட நூலகங்கள் நடக்கின்றன. ஆனால் வாங்கும் புத்தகத்தை யார் படிக்கப்போகிறார் என்று கிளை நூலகம் வரைக்கும் வந்து கேட்பாரில்லை. அதுதான் தாங்கவில்லை.

எங்கள் கிளையில் எதைக் கேட்டாலும் "ஆர்டர்ல வரலைங்க" என்கிறார் நூலகர். பாவம், அவர் என்ன செய்வார்? வந்ததை அடுக்கவே அலமாரி இல்லை. ஜன்னலோரம் சணல் அவிழ்க்காத கட்டுகள். அவற்றின் மேல் தனியாகக் கிடந்த கவிதைத் தொகுப்பை எடுத்துப் புரட்டினேன். பக்கத்துக்கு ஆறு வரி, மிச்சமெல்லாம் வெள்ளைத்தாள். பதிப்புத் தொழிலில் இருப்பவர்களுக்குக் காரணம் தெரியும். நூலகங்களுக்குப் புத்தகம் வாங்க அரசு தரும் நூலக ஆணையில் காலகாலமாக விலை பாரக் கணக்கில்தான் இருந்துவந்தது. பதினாறு பக்கம் ஒரு பாரம், பாரத்துக்கு இவ்வளவு. பத்து வருஷம் உழைத்த ஆராய்ச்சி நூலுக்கும் பத்து நாளில் வெட்டி ஒட்டிய தொகுப்புக்கும் பாரம் ஒன்றானால் பணமும் ஒன்று. அதற்குப் பழகிய கை எப்படிப் புத்தகம் போடும்? இப்போது இணையவழியில் விண்ணப்பிக்க வைத்திருக்கிறார்கள், நல்லதுதான். பழக்கம் மாற வேண்டுமே.

பதிப்பாளரை மட்டும் திட்டிப் பயனில்லை. கடையில் முந்நூறு பிரதி விற்பதற்குள் தாவு தீர்கிறது. ஆணைக்குக் காத்திருக்கிறார், ஆணை வந்தால் பணத்துக்குக் காத்திருக்கிறார். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் நிலுவை வைத்தால் அதுவும் இவர் தலையில்தான் விடிகிறது.

எழுத்தாளர் விஷயத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. தெரிந்த நாவலாசிரியர் ஒருவருக்குத் தன் புத்தகம் நூலக ஆணையில் போனதே தெரியாது. வேறு மாவட்டத்து வாசகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் நூலக முத்திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பதிப்பாளரிடம் கேட்டதற்கு, "லைப்ரரி ஆர்டருக்கு ராயல்டி கிடையாதே சார், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று பதில். யார் வகுத்த வழக்கம் இது? ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்று கேட்கவும் வழியில்லை; எழுத்தில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. பிரிட்டனில் 1979-லேயே சட்டம் இயற்றி, நூலகத்திலிருந்து புத்தகம் இரவல் போவதற்கே எழுத்தாளருக்குத் தொகை தருகிறார்கள். இங்கே விற்ற பிரதிக்கே கணக்கு வருவதில்லை.

அந்த நாவலாசிரியரிடமே "பிடிஎஃப் இருக்கா சார்?" என்று கேட்கிற வாசகர்களும் உண்டு. கேட்கும்போது பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் புத்தகக் கடையே இல்லாத ஊரில், நூலகத்திலும் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை வேறு எங்கே போகும்?

கிளைக்கு ஒரு நோட்டு போடுங்கள். வாசகர் கேட்டுக் கிடைக்காத புத்தகத்தை அதில் எழுதட்டும். அந்தப் பட்டியல் மாதாமாதம் மாவட்ட நூலக அலுவலகத்துக்குப் போகட்டும். தேர்வுக் குழு உட்காரும்போது முதலில் அதைப் பிரிக்கட்டும். எந்தப் புத்தகம், எத்தனை பிரதி, எவ்வளவு தொகை என்று பதிப்பாளருக்கு அனுப்பும் ஆணையின் நகல் ஒன்றை எழுத்தாளருக்கும் அனுப்புங்கள். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.