ஊருக்கு டிவிடி பிளேயர் வாங்கி அனுப்பறவங்க கவனத்துக்கு

தீபாவளி வருது. சென்னையிலயும் பெங்களூர்லயும் வேலையில இருக்கற பசங்க ஊருக்கு வரும்போது அப்பா அம்மாவுக்கு ஏதாவது வாங்கிட்டு வர்ற காலம். வேட்டி சேலையோட எங்க பக்கம் டிவிடி பிளேயரும் வந்து இறங்கறது உண்டு. நல்ல விஷயம். ஆனா அதுல பலது ஆறு மாசத்துல டிவிக்குப் பக்கத்துல துணி போர்த்திக் கெடக்குது. மெஷின் கெட்டுப் போச்சான்னா, இல்லீங்க. வீட்ல இருக்கற டிஸ்க் அதுல ஓடறதில்லை, அவ்வளவுதான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஊருக்கு வாங்கற பிளேயர்ல படம் எவ்வளவு பளிச்சுன்னு இருக்குதுங்கறது இரண்டாம்பட்சம். எத்தனை வகை டிஸ்க்கும் ஃபைலும் ஓட்டுதுங்கறதுதான் முதல் கேள்வி. உங்களுக்கு ஒண்ணு ஓடலைன்னா கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துக்குவீங்க. இங்க ஓடலைன்னா, "எனக்குப் போடத் தெரியலை சாமி"ன்னு பெரியவங்க தன் மேலயே பழியைப் போட்டுக்கிட்டு டிஸ்க்கை எடுத்து உள்ள வெச்சுடறாங்க. அதுக்கப்புறம் அதை வெளிய எடுக்கறதே இல்லை.

கிராமத்து வீட்டு பீரோவைத் திறந்து பாத்தா என்னென்ன இருக்கும்னு சொல்றேன். ரொம்ப வருசத்துக்கு முந்தி நடந்த கல்யாணம் மூணு விசிடியா இருக்கும். அதுக்கப்புறம் நடந்த காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் டிவிடி. பஸ் ஸ்டாண்டு கடையில வாங்குன பக்திப் பாட்டு எம்பி3 சிடி ஒண்ணு. வெளிநாட்டுல இருக்கற பையன் கொடுத்தனுப்பிச்ச பேரப்பிள்ளை வீடியோ ஒரு பென்டிரைவ்ல. செல்போன்ல புடிச்ச கோயில் திருவிழா ஒரு மெமரி கார்டுல. இது அஞ்சும் அஞ்சு ஜாதி.

இதுல கல்யாண விசிடியைச் சாதாரணமா நினைக்காதீங்க. எங்க கொங்குப் பக்கம் கல்யாணத்துல இணைச்சீர் உண்டு, மங்கல வாழ்த்து பாடறது உண்டு. அதை முழுசாப் பாடத் தெரிஞ்ச பெரியவங்க ஒவ்வொருத்தரா போயிட்டு இருக்காங்க. அந்தக் குரல், அந்த முறை, பந்தல்ல உக்காந்திருந்த சொந்தக்காரங்க முகம் எல்லாம் அந்த மூணு டிஸ்க்லதான் இருக்குது. வேற எங்கயும் கிடையாது.

எங்க பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மாவுக்கு அவங்க பையன் போன வருசம் ஒரு புளூரே பிளேயர் வாங்கிட்டு வந்தான். விலை ஜாஸ்தி, நல்ல கம்பெனி. பையன் கல்யாண விசிடியைப் போட்டா "டிஸ்க் சரியில்லை"ன்னு இங்கிலீஷ்ல எழுத்து வருது. பெரியப்பா நடமாடறது இப்ப அந்த விசிடியில மட்டும்தான். பெரியம்மா அதை முந்தானையில துடைச்சுத் துடைச்சுப் போட்டுப் பாத்திருக்காங்க. அப்புறம் எங்கிட்ட வந்து, "நான் எதையோ தப்பா அழுத்திட்டேன் போல கண்ணு, பையன்கிட்டச் சொல்லிராத"ன்னாங்க. அவங்க ஒரு தப்பும் பண்ணலை. புளூரே பிளேயர் டிவிடியை ஓட்டும், ஆனா எல்லா புளூரே பிளேயரும் விசிடியை ஓட்டாது. புதுசு வாங்குனா பழசும் அதுல அடங்கிடும்னு நாம நினைச்சுக்கறோம். அப்படி இல்லை.

இது ஏன் இப்படின்னு கொஞ்சம் வெவரமாச் சொல்றேன். விசிடிங்கறது எம்பெக்-1. நம்ம ஊர் பால் முறையில படம் 352க்கு 288 புள்ளி, ஒரு டிஸ்க்ல ஒண்ணேகால் மணி நேரம் புடிக்கும். டிவிடி எம்பெக்-2. படம் 720க்கு 576 புள்ளி, அதாவது நாலு மடங்கு. ஒரு அடுக்கு டிஸ்க்ல 4.7 ஜிபி கொள்ளும். அதுக்கடுத்து வந்தது எம்பெக்-4. டிவ்எக்ஸ், எக்ஸ்விட்னு சொல்றது இந்த வகைதான். இதுல முழுப் படத்தையே 700 எம்பி சிடி ஒண்ணுல அடக்கிடலாம். பிளேயர் அட்டைப்பெட்டியில டிவ்எக்ஸ்னு போட்டிருந்தா இந்த மூணையும் ஓட்டும்னு பெரும்பாலும் நம்பலாம். அது இல்லாத பிளேயர் ஊருக்கு வேண்டாம்ங்கறது என் கட்சி.

ஆனா ஃபைல் பேருக்குப் பின்னால ஏவிஐன்னு இருந்தா எல்லாம் ஓடிடும்னும் நினைக்க வேண்டாம். ஏவிஐங்கறது சாக்கு மாதிரி. சாக்கு ஒண்ணுதான், உள்ள நெல்லும் இருக்கலாம், சோளமும் இருக்கலாம். பிளேயருக்கு உள்ள இருக்கறது அரைக்கத் தெரியணும். படம் ஓடும், சத்தம் வராது, இப்படி ஒரு தொல்லை நீங்களே பாத்திருப்பீங்க. பாதி தடவை அதுக்குக் காரணம், உள்ள இருக்கற ஒலி டிடிஎஸ் மாதிரி அந்த மெஷினுக்குத் தெரியாத வகையா இருக்கறதுதான். அதே மாதிரி இப்ப வர்ற எம்கேவி, புதுக் கேமராவுல எடுக்கற எச்டி வீடியோ (எச்.264) எல்லாம் சாதாரண டிவிடி பிளேயருக்குச் செரிக்காது. பேரப்பிள்ளை வீடியோ அனுப்பறவங்க இதைக் கவனிக்கணும். நீங்க எடுத்தபடியே அனுப்பாம, டிவிடியாவோ டிவ்எக்ஸாவோ மாத்தி அனுப்புங்க. மாத்தற வேலை உங்க கம்ப்யூட்டர்ல ஒரு ராத்திரி ஓடும். உங்க அம்மாவால அதைச் செய்யவே முடியாது.

வெளிநாட்டுல இருந்து ஒரிஜினல் டிவிடி வாங்கிட்டு வர்றவங்களுக்கு இன்னொரு விசயம். டிவிடிக்கு மண்டலப் பூட்டு உண்டு. அமெரிக்கா 1, இங்கிலாந்தும் வளைகுடாவும் 2, சிங்கப்பூர் மலேசியா 3, நம்ம நாடு 5. பிளேயர் எல்லா மண்டலத்தையும் ஏத்துக்குதான்னு கேட்டு வாங்குங்க. அமெரிக்க டிஸ்க் என்டிஎஸ்சி முறையில இருக்கும். பழைய டிவியில அது கலர் இல்லாம கருப்பு வெள்ளையாத் தெரியலாம். பிளேயர் செட்டிங்குல பால்னு மாத்தி வெச்சா பல மெஷின்ல சரியாகிடும். இதை நீங்க இருக்கும்போதே மாத்தி வெச்சுட்டுப் போங்க.

"இதெல்லாம் எதுக்கு, இப்ப எல்லாமே இன்டர்நெட்ல இருக்குதே"ன்னு சில பேர் கேக்கறாங்க. உங்க அப்பா அம்மா கல்யாண வீடியோ இன்டர்நெட்ல இருக்குதா? இருந்தாலும் எங்க ஊர் சிக்னல்ல ஒரு பாட்டு இறங்கறதுக்குள்ள கரண்ட் போயிடும். இன்னும் சில பேர், "வெல குறைஞ்ச மெஷின் கண்டதையும் ஓட்டும், கம்பெனி மெஷின்தான் அடம் புடிக்கும்"பாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்குது. ஆனா வெல குறைஞ்சதுல லென்ஸ் சீக்கிரம் சோர்ந்து போறதையும் பாத்திருக்கேன். அதனால பேரையும் வெலையையும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. டிஸ்க்கை வெச்சு முடிவு பண்ணுங்க.

அதுக்கு வழி ரொம்ப சுலபம். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பீரோவுல இருக்கற டிஸ்க்ல வகைக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. நல்லா இருக்கறதை எடுக்காதீங்க, இருக்கறதுலயே கீறல் விழுந்ததை எடுங்க. கடையில ஒவ்வொண்ணாப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. மாடு வாங்கப் போனா பல்லைப் புடிச்சுப் பாத்து, நடக்க விட்டுத்தானே வாங்கறோம்? இதுக்கு மட்டும் பெட்டியைப் பிரிக்காம வாங்கிட்டு வர்றது என்ன நியாயம்?

கடையில இருக்கும்போதே இன்னும் நாலு விசயம் பாருங்க. மெஷினுக்குப் பின்னால மஞ்சள், செகப்பு, வெள்ளை ஒயர் சொருகற ஓட்டை இருக்கணும். ஊர்ல இருக்கற பழைய டிவி பலதுல எச்டிஎம்ஐ கிடையாது. மின்சாரம் 100 முதல் 240 வோல்ட்னு பின்னால எழுதியிருக்குதான்னு பாருங்க. சாயங்காலம் மோட்டார் எல்லாம் ஓடும்போது இங்க வோல்டேஜ் எறங்கிடும். ஓடிட்டு இருக்கும்போது பிளக்கைப் புடுங்கி மறுபடி சொருகி, விட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்குதான்னு பாருங்க. தெனமும் நாலு தடவை கரண்ட் போற ஊருக்கு இது பெரிய ஒத்தாசை. நாலாவது, ரிமோட்டுல எழுத்தும் பட்டனும் பெருசா இருக்கணும். மெஷின் முகப்புலயும் நிறுத்தறது, ஓட்டறது, அடுத்ததுக்குப் போறதுன்னு மூணு பட்டனாவது இருக்கணும். ரிமோட் ஒரு நாள் மாட்டுத் தொட்டியில விழும், கண்டிப்பா.

யுஎஸ்பி ஓட்டை இருக்கறதா வாங்குனா ரொம்ப நல்லது. பென்டிரைவை எஃப்ஏடி32 முறையில ஃபார்மேட் பண்ணுங்க. ஒரு ஃபைல் 4 ஜிபிக்குக் கீழ இருக்கணும். வீட்ல இருக்கற விசிடியை எல்லாம் அதுல காப்பி எடுத்து வைங்க. எழுதற சிடிக்கு ஆயுசு கம்மி, வெயில் பட்டா சாயம் போயிடும். சிடி மேல பால்பாயிண்ட் பேனாவுல எழுதறதையும் நிறுத்தச் சொல்லுங்க. படத்தைத் தாங்கற தகடு அந்த எழுதற பக்கத்துக்கு நேர் கீழதான் இருக்குது, கீறிடும்.

கடைசியா ஒண்ணு. ஊருக்குக் கொண்டு வந்ததும் நீங்களே மாட்டி, நீங்களே ஓட்டிக் காட்டிட்டுக் கிளம்பிடாதீங்க. பக்கத்துல உக்காந்துக்கிட்டு அம்மாவை ஓட்டச் சொல்லுங்க. முதல் டிஸ்க் பழைய கல்யாண விசிடியா இருக்கட்டும்.