எத்தனை டன் ஏசி வேண்டும்? கடைக்காரர்கள் கேட்க மறக்கும் கேள்வி!

புதிதாக ஜவுளிக்கடையோ கிளினிக்கோ திறப்பவர்கள் ஏசி கான்ட்ராக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை டன் போடணும்?' என்பதுதான். அவரும் சதுர அடியை வைத்து மனக்கணக்காக ஒரு பதில் சொல்வார். 'எதுக்கும் கூட ரெண்டு டன் இருக்கட்டும்' என்று உரிமையாளரே சேர்த்துக்கொள்வார். செலவு எகிறுவது அங்கேதான்.

ஏசியில் டன் என்பது மெஷினின் எடை அல்ல. சுமார் 900 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அந்த அளவு. மின்சாரக் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, 'உள்ளே எவ்வளவு சூடு வருகிறது, அதில் எதைத் தடுக்கலாம்?' என்பதே.

ஹைதராபாத் அருகே போச்சாரத்தில் உள்ள இன்ஃபோசிஸ் வளாகத்தில் இதைச் செய்தே பார்த்தார்கள். 2011-ல் பயன்பாட்டுக்கு வந்த ஓர் அலுவலகக் கட்டடத்தை இரண்டு சமபாதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் குளிர்காற்றை டக்ட் வழியே அனுப்பும் வழக்கமான ஏசி. அதுவும் நல்ல தரமானதுதான். மறுபாதியில் கான்கிரீட் தளத்துக்குள் குழாய்களைப் பதித்து, அதில் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். இரண்டு வருடம் அளந்து பார்த்ததில், குழாய் பதித்த பாதிக்கு மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சம். அமைக்கும் செலவு கூடியிருக்குமே என்றால், அதுவும் இல்லை!

உடனே குழாய் பதிக்கக் கிளம்பிவிட வேண்டாம். ஈரக்காற்றைத் தனியாக உலர்த்தாமல் சென்னை மாதிரி ஊரில் இதைக் காப்பியடித்தால், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தக் கட்டடத்தின் இரண்டு பாதிகளிலுமே சுவர், ஜன்னல், நிழல் எல்லாவற்றையும் வெயில் உள்ளே வராதபடி முதலிலேயே திட்டமிட்டிருந்தார்கள். குளிர்நீர்க் குழாயால் ஓரளவு வெப்பத்தைத்தான் இழுக்க முடியும். வெயிலைத் தடுத்ததால்தான் அது போதுமானதாக இருந்தது.

நம்மூர்க் கடைகளில் நடப்பது தலைகீழ். மேற்குப் பார்த்த முகப்பு முழுக்கக் கண்ணாடி போடுவார்கள். பிறகு உள்ளே திரை தொங்கவிடுவார்கள். கண்ணாடியைத் தாண்டிய வெயில் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். தடுப்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். மொட்டைமாடிக்கு வெள்ளை நிற வெப்பத் தடுப்புப் பூச்சு, உள்ளே எல்.இ.டி விளக்கு என்று ஒவ்வொன்றும் டன்னைக் குறைக்கும். இதையெல்லாம் கட்டும்போதே பேச வேண்டும். ஃபால்ஸ் சீலிங் முடிந்த பிறகு ஏசிக்காரரை அழைத்தால், டன்னைக் கூட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

கல்யாண மண்டபக் கணக்கே தனி. உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடலிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளியேறும். 500 பேர் என்றால் 50 கிலோவாட். ஆட்களுக்கு மட்டுமே 14 டன்! ஆனால், அத்தனை பேரும் இருப்பது முகூர்த்த நேரத்திலும் ரிசப்ஷனிலும்தான். ஒரே பெரிய மெஷினாகப் போடாமல் சிலதாகப் பிரித்துப் போட்டால், மற்ற நேரத்தில் பாதியை நிறுத்திவைக்கலாம்.

'கூட இருந்தால் என்ன கெட்டுப்போச்சு?' என்று கேட்பவர்களுக்கு: தேவைக்கு மேல் பெரிய சாதாரண ஏசி, அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு கம்ப்ரஸரை நிறுத்திவிடும். காற்றின் ஈரத்தை இழுக்க நேரம் கிடைக்காது. குளிரும், ஆனால் பிசுபிசுக்கும். தமிழ்நாட்டில் வணிக இணைப்புக்கு யூனிட் கட்டணம் போக, அனுமதி வாங்கிய கிலோவாட்டுக்கு நிலைக்கட்டணமும் உண்டு. மெஷின் ஓடாத மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும்.

கொட்டேஷன் வாங்கும்போது கூடவே 'ஹீட் லோடு' கணக்கையும் எழுத்தில் கேளுங்கள். எந்தத் திசைக் கண்ணாடிக்கு எவ்வளவு, கூரைக்கு எவ்வளவு, ஆட்களுக்கு எவ்வளவு என்று அதில் பிரித்திருக்க வேண்டும். வெறும் சதுர அடி மட்டும் இருந்தால், இன்னொருவரிடம் விசாரிப்பது நல்லது.

லாட்ஜ் நடத்துபவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். வெந்நீருக்கு அறைக்கு ஒரு கீசர் என்பதற்குப் பதில் 'ஹீட் பம்ப்' வைத்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்திலேயே வேலை முடியும். பெரிய ஏசி பிளான்ட் இருக்கும் இடங்களில், அது வெளியே தள்ளும் சூட்டிலேயே தண்ணீரைக் காய்ச்சும் கருவிகளும் கிடைக்கின்றன.