கோடு போடும் முன் கிராமை எண்ணுங்கள்

நர்சிங் முதலாமாண்டு வகுப்பில் நான் முதலில் கொடுக்கும் கணக்கு இது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஒரு பாட்டில், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஒரு பாட்டில். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. 10 சதவீதக் கரைசல் 100 மில்லி வேண்டும். எதில் எவ்வளவு எடுப்பீர்கள்?

பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளும் தயங்குகிறார்கள். வங்கித் தேர்வுக்குப் படித்துப் பார்த்தவர்கள் மட்டும் அலிகேஷன் முறையில் குறுக்குக் கோடு போட்டு, ‘3க்கு 1’ என்று சட்டெனச் சொல்லிவிடுவார்கள். எது 3, எது 1 என்று கேட்டால் அவர்களிலும் பலருக்குத் தடுமாற்றம். மாற்றிக் கலந்தால் கிடைப்பது 20 சதவீதம். பச்சிளம் குழந்தைக்குக் கை நரம்பு வழியாகப் பொதுவாக 12.5 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. அதைவிடக் கெட்டியாகப் போனால் நரம்பு புண்ணாகும்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கலவைக் கணக்கைப் பாலில் தண்ணீர் ஊற்றுகிற வியாபாரியின் கதையாகவே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம். சூத்திரத்தைக் கொடுத்தோம், அதற்குள் இருக்கும் பொருளைக் காட்டவில்லை. 10 சதவீதம் என்றால் 100 மில்லியில் 10 கிராம் சர்க்கரை. 5 சதவீதத்தில் 75 மில்லி எடுத்தால் 3.75 கிராம், 25 சதவீதத்தில் 25 மில்லி எடுத்தால் 6.25 கிராம். கூட்டினால் 10. கலந்ததால் சர்க்கரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கலவைக் கணக்கு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். பேனாவை எடுக்கும் முன்பே இன்னொன்றையும் சொல்லிவிடலாம்: 10 என்பது 25-ஐவிட 5-க்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் 5 சதவீதம்தான் அதிகம் வேண்டும். இப்படி யோசிக்கப் பழகிய பெண் 3-ஐயும் 1-ஐயும் மாற்றிப் போட மாட்டாள்.

தரை துடைக்கும் ஹைப்போவுக்கும் இதே கணக்குத்தான். 5 சதவீத ஹைப்போவை 1 சதவீதமாக்க ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். ஒரு லிட்டருக்கு 200 மில்லி ஹைப்போ, 800 மில்லி தண்ணீர். ‘ஐந்தில் ஒன்று’ என்று காதில் விழுந்ததும் ஐந்து பங்கு தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. அப்போது அது 0.83 சதவீதம். இரத்தம் சிந்திய இடத்தைச் சுத்தம் செய்ய 1 சதவீதம் கேட்கிறார்கள் என்றால் 1 சதவீதமே வேண்டும்.

வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். நம் ஊர்க் கடைகளில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். 100 யூனிட் மருந்தும் கிடைக்கிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 20 கோடுவரை இழுத்தால் 50 யூனிட். பின்னது உயிரைப் பறித்துவிடும். கோடு ஒன்றுதான், அடர்த்தி வேறு என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவனுக்குப் புரியவைக்க ஒரு பீரியட் போதும். வீட்டில் தாத்தாவுக்கு ஊசி போடுகிறவனும் பெரும்பாலும் அவன்தானே.

பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதியில், வெவ்வேறு மாற்றுள்ள பொன்னை உருக்கிச் சேர்க்கும் கணக்குகள் இருக்கின்றன. பட்டறையில் நிஜமாகவே நடந்த வேலை அது. நம் காலத்துப் பட்டறை ஆஸ்பத்திரியும் அடுக்களையும்தான். பால்காரர் கணக்கு இரண்டு இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஹைப்போவையும் இன்சுலினையும் ஓஆர்எஸ்ஸையும் வையுங்கள் என்று பாடநூல் எழுதுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: குறுக்குக் கோட்டைக் கடைசியில் சொல்லிக் கொடுங்கள். முதலில் விடை எந்தப் பக்கம் சாயும் என்று மாணவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பிறகு கிராமை எண்ண வையுங்கள்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 20.5 கிராம் ஓஆர்எஸ் தூள் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. குழந்தை கொஞ்சமாகத்தானே குடிக்கும் என்று அந்தப் பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டினால் உப்பு நான்கைந்து மடங்கு ஏறிவிடும். வயிற்றுப்போக்கில் வாடிய பிள்ளையை அது மேலும் வாட்டும். பாதிப் பொட்டலம், பாதித் தண்ணீர் என்றும் கலக்காதீர்கள். தூளில் உப்பும் சர்க்கரையும் சமமாகப் பிரியாது. 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் விற்கிறார்கள், அட்டையில் போட்டிருக்கும் அளவைப் படியுங்கள். பெரிய பொட்டலம் என்றால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டரை அளந்து, தூள் முழுவதையும் ஒரே தடவையாகக் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீந்திருப்பதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.