கணினிக்கும் நாடி பார்க்க வேண்டும்

வீட்டுக் கணினி வேலை செய்துகொண்டிருக்கையில் திடீரென்று நின்றுவிட்டால், நம்மவர் செய்யும் முதற்காரியம் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவது. அடுத்த காரியம், “இது இனி உதவாது” என்று தீர்ப்புக் கூறுவது. நாடி பாராது மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. கணினியின் விஷயத்தில் மட்டும் அந்த நிதானத்தை ஏன் கைவிட வேண்டும்?

கதிரவெளி போன்ற ஊர்களில் இது சிறிய கேள்வியன்று. மட்டக்களப்பு நகரம் அறுபது கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. கணினியைச் சுமந்து பஸ்ஸேறிப் போய் வருவதற்குள் ஒரு நாள் உழைப்புப் போய்விடும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் குறிப்புகளும், குடும்பத்தின் படங்களும் அதனுள் இருக்குமாயின் கவலை இரட்டிப்பாகும். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் 2006 ஆம் ஆண்டின் இடப்பெயர்விலும் படங்களையும் பத்திரங்களையும் பறிகொடுத்த குடும்பங்கள் இக்கரையில் பல. எனவே, முதல் விதி இதுவே: கணினி ஒருமுறை எழுந்துவிட்டாலும், வேறெதையும் செய்யுமுன், முக்கியமானவற்றை வெளியேயுள்ள ஒரு சேமிப்பகத்தில் பிரதி செய்துகொள்ளுங்கள். வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்ற ஓசை கேட்குமாயின் பரிசோதனைகளை நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது விதி, எழுதி வைப்பது. 1947 செப்ரெம்பர் 9 ஆம் திகதி, ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ‘மார்க் 2’ கணினி பிழைபட்டபோது, அதன் ரிலே ஒன்றினுள் அந்துப்பூச்சி ஒன்று அகப்பட்டிருக்கக் கண்டார்கள். அப்பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் எழுதினார்கள். அவ்வேடு இன்றும் அமெரிக்க நூதனசாலையொன்றில் இருக்கிறது. நாமும் ஒரு கொப்பியில் நின்ற நாள், நேரம், அப்போது செய்த வேலை, திரையில் தோன்றிய வாசகம் ஆகியவற்றைக் குறிக்கலாம். வின்டோஸ் காட்டும் நீலத்திரையிலே (2025 முதல் அது கறுப்புத்திரையாக மாறி வருகிறது) ஒரு குறியீடு இருக்கும். அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்வது நன்று.

இனி நாடி பார்ப்போம். எவ்வித வாசகமுமின்றிச் சட்டென்று அணைந்தால் மின்சாரத்தையும் வெப்பத்தையும் சந்தேகிக்க வேண்டும். நீண்ட நேரம் ஓடிய பின்பே நிற்குமாயின், பெரும்பாலும் விசிறியிலும் காற்றுத் துவாரங்களிலும் அடைந்த தூசியே காரணம். மின்னொளி மங்கும்போதெல்லாம் நிற்குமாயின் பழுது கணினியிலன்று, மின்னழுத்தத்தில். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின் அற்றுப்போனால் கோப்புகள் சிதையும். மேசைக் கணினிக்கு ஒரு யூ.பி.எஸ். அவசியமாவது இதனாலேதான்.

வெவ்வேறு வேலைகளின்போது வெவ்வேறு குறியீடுகளுடன் நின்றால் நினைவகத்தைச் சந்தேகிக்கலாம். கடற்கரையின் உப்புக்காற்றும் ஈரமும் உலோகத் தொடுமுனைகளைக் கறைப்படுத்தும். மின்தொடர்பை முற்றாகத் துண்டித்த பின், நினைவக அட்டையைக் கழற்றி, அதன் முனைகளை அழிறப்பரால் மெல்லத் துடைத்து, மீண்டும் பொருத்திப் பார்க்கலாம். நினைவகத்தைச் சோதிக்கும் கருவியும் வின்டோஸிலேயே உண்டு. ஆனால் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணங்கொண்டும் திறவாதீர்கள். இணைப்பைக் கழற்றிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

நிற்க. கருவி நல்ல நிலையிலிருந்தும் மென்பொருள் அதைக் கவிழ்த்துவிடுவதுண்டு. 2024 யூலை 19 ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால், ஏறத்தாழ 85 இலட்சம் வின்டோஸ் கணினிகள் செயலிழந்தன என மைக்ரோசொப்ட் கணக்கிட்டது. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகள் தடுமாறின. பரிகாரமோ எளிது: கணினியை ‘சேஃப் மோட்’ என்னும் காப்புநிலையில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை நீக்குவது. ஆயினும் பல இடங்களில் அதைக் கணினி கணினியாகக் கையாலேயே செய்ய வேண்டியதாயிற்று.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? “கடைசியாக மாறியது என்ன?” என்று முதலிற் கேட்க வேண்டும். புதிய மென்பொருளா, இற்றைப்படுத்தலா, புதிதாகச் செருகிய கருவியா? காப்புநிலையில் ஒழுங்காக ஓடினால் குற்றம் பெரும்பாலும் மென்பொருளில். அங்கும் கவிழ்ந்தால் வன்பொருளிற் தேடுங்கள்.

மாணவ நண்பர்களே, விஞ்ஞான கூடத்தில் நீங்கள் கைக்கொள்ளும் விதியே இங்கும் செல்லும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் கவனியுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றியவன் கணினி குணமடைந்தாலும் எதனால் குணமடைந்தது என்று அறியமாட்டான். இவ்வளவு செய்தும் பழுது தீராவிடின், அக்கொப்பியையும் எடுத்துக்கொண்டு திருத்துநரிடம் செல்லுங்கள். அவருக்கு நேரம் மீதமாகும். பெற்றோருக்கு, வேண்டாத உறுப்புக்குக் கொடுக்கும் பணம் மீதமாகும்.