யாருக்காகப் பழிவாங்குகிறார்கள்?

படக்கதை நூல்களைத் திறனாய்வுக்கு அருகதையற்ற குப்பையென ஒதுக்குவது நம் ஆசிரியருள் ஒரு சாராரின் வழக்கம். மாணவனின் பையிற் கண்டால் பறித்து மேசை இழுப்பறையிற் பூட்டுவர். அத்துடன் கடமை தீர்ந்தது. மறு சாராரோ, "வீமனும் அநுமனும் செய்யாததையா இவர்கள் செய்கிறார்கள்?" எனக் கைகழுவி விடுகின்றனர். ஒரு காரியத்தை மட்டும் இரு சாராரும் செய்வதில்லை: நூலைப் படிப்பதில்லை.

நாம் படித்தோம். அமெரிக்க மார்வல் நிறுவனம் 1963 முதல் 1965 வரை வெளியிட்ட ‘அவெஞ்சர்ஸ்’, அதாவது ‘பழிவாங்குவோர்’ என்னும் படக்கதையின் முதல் இருபது இதழ்களும் அடங்கிய தடித்த தொகுப்பு அது. திரைப்படங்களின் புண்ணியத்தால் இப்பெயர் இன்று சல்லியில் மீன்பிடித்து வாழ்வோரின் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆகவே இந்நூல் யாரோ அந்நியரின் விவகாரமன்று.

நல்லதை முதலிற் சொல்லிவிடுவது நியாயம். முதல் எட்டு இதழ்களை வரைந்த ஜாக் கிர்பியின் கோடுகளில் அசாத்திய வலிமை உண்டு. பனிக்கட்டியில் உறைந்து கிடந்து மீளும் கப்டன் அமெரிக்கா, போரில் மாண்ட இளந்தோழனை எண்ணி வருந்துமிடத்தில் மெய்யான துயரத்தைக் காண்கிறோம். பதினாறாம் இதழில், முன்பு எதிரணியில் நின்ற மூவர் குழுவிற் சேர்ந்து, தலைவனோடு ஓயாது பிணங்குகின்றனர். நூலில் மனித வாடை வீசுவது அங்கேதான். குளவிப் பெண்ணுக்கு மட்டும் முகப்பூச்சும் தோர் மீதான பெருமூச்சுமே தொழில்!

ஆனால் இவர்கள் யாருக்காகப் பழிவாங்குகிறார்கள்? முதல் இதழில் அதற்கு விடையில்லை. லோக்கியின் சூழ்ச்சியால் தற்செயலாக ஒன்றுகூடியவர்கள், கேட்போரை ஈர்க்க வேண்டுமென்பதற்காகவே அப்பெயரைத் தேர்ந்து கொள்கின்றனர். கூடுமிடமோ டோனி ஸ்டார்க்கின் மாளிகை. இரும்பு மனிதனான இந்த ஸ்டார்க் ஓர் ஆயுத உற்பத்தியாளன். 1963 மார்ச்சில் வேறோர் இதழில் வந்த அவனது தோற்றக் கதையில், வியத்நாமிலே காயமுற்றுச் சிறைப்படுகிறான். யின்சென் என்னும் முதிய விஞ்ஞானி தன் உயிரைக் கொடுத்து அவனைக் காக்கிறார். ஆசியக் கிழவர் மடிகிறார், ஆயுத வணிகன் வீரனாகிறான். அவன் வீட்டு நூலகத்திலிருந்து உலக சமாதானம் பரிபாலிக்கப்படுகிறது!

1965 ஜூலை எனத் தேதியிட்ட பதினெட்டாம் இதழ் இதைவிட வெளிப்படையானது. தென்கிழக்காசியாவில் ‘சின்-கொங்’ என்றொரு கற்பனைப் பொதுவுடைமை நாடு. அதை அடக்கியாளும் ‘கொமிசார்’. வீரர் குழு அங்கே செல்கிறது, மோதுகிறது, அக்கொடியவன் ஓர் இயந்திரமெனக் கண்டு தகர்க்கிறது. நாட்டு மக்களோ மீட்கப்படுவதற்காக மட்டுமே வரையப்பட்டவர்கள். அதே ஆண்டு மார்ச்சிலேதான் அமெரிக்கப் படையினர் தா நாங் கரையில் இறங்கினர் என்பதை நினைவிற் கொள்க.

‘பாதுகாக்க’ வந்த கப்பல்களைப் பற்றித் திருகோணமலைக்காரருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இத்துறைமுகத்தின் மீது கண் வைத்தவர்களே. ஆங்கிலக் கடற்படை இங்கே இருந்ததனாலன்றோ 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானியக் குண்டுகள் இங்கு விழுந்தன! அத்தளம் 1957 இலேதான் நம் கைக்கு வந்தது. இம்மண்ணின் பிள்ளை சின்-கொங் கதையைப் படிக்கும்போது தன்னை எங்கே வைத்துப் பார்க்கிறான்? பறந்து வருபவனின் தோளிலா, கரையில் நிற்பவர் நடுவிலா? வகுப்பிலே எழுப்ப வேண்டிய வினா இது. பறிமுதல் செய்தால் எழாது.

குழு என்பது யாதென்று அவனுக்குத் தெரியாததுமன்று. கரைவலையில் இரு கயிறுகளையும் பற்றி இழுப்போருள் அதிமானுடன் எவனுமில்லை. ஒரு பக்கம் முந்தினாலும் மடி கோணும், மீன் தப்பும். (சம்மாட்டியின் பங்கு எவ்வளவு என்பது வேறு சண்டை, அதையும் வகுப்பிற் பேசலாம்.) இந்நூலின் குழுவிலோ ஒவ்வொருவனும் தனித்தனி அற்புதம். இழுப்பதற்கு அங்கே கயிறில்லை, வேடிக்கை பார்க்க ஊர் மட்டும் உண்டு.

அற்புதங்களை வரைந்த கைக்கு என்ன கிடைத்தது என்பதையும் கேட்டாக வேண்டும். கிர்பி பக்கக் கூலிக்கு வரைந்தவர். தம் கையால் வரைந்த மூலப் பக்கங்களைத் திரும்பப் பெறவே 1980களில் அந்நிறுவனத்துடன் போராட நேர்ந்தது. 1987 இல் கிடைத்தவையும் அவர் வரைந்தவற்றுள் ஒரு பகுதியே. 1994 இல் அவர் காலமானார். 2009 இல் டிஸ்னி நிறுவனம் மார்வலை ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு வாங்கியது. உரிமை கோரி நீதிமன்றம் ஏறிய அவர் பிள்ளைகளுடன் 2014 இலேதான் சமரசம் ஏற்பட்டது. அதன் நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை.