புல்லுக்கு லீவு கிடையாது

டி.வி.யில் கோல்ஃப் வந்தால் பலரும் சேனலை மாற்றிவிடுவார்கள். நான் ஐந்து நிமிடமாவது பார்ப்பேன். ஆட்டம் இன்றுவரை முழுசாகப் புரிந்ததில்லை. பார்ப்பது அந்தப் புல்லைத்தான்.

குழியைச் சுற்றிக் கம்பளம் விரித்தது போல இருக்கிறதே, அதற்குப் பெயர் ‘கிரீன்’. அங்கே புல்லின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன் விடியற்காலையிலேயே வெட்டி முடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பொறுப்பானவரை சூப்பரின்டென்டன்ட் என்கிறார்கள். நமக்கு ஜெயில் சூப்பரின்டென்டன்ட் தெரியும். இவர் புல்லுக்கு!

சிரிக்காதீர்கள், ஜெயிலைவிடக் கஷ்டமான காவல் இது. வெயிலும் புழுக்கமும் சேர்ந்த கோடையில் ‘பித்தியம்’ என்றொரு நோய் வந்தால், முதல்நாள் பச்சையாக இருந்த புல் மறுநாள் காலை திட்டுத்திட்டாகக் கருகிக் கிடக்கும். கிளப் உறுப்பினர்கள் வானிலையைக் குறை சொல்ல மாட்டார்கள். இவரைத்தான் கூப்பிடுவார்கள்.

இப்படிப்பட்டவரிடம் போய், “நம்ம சங்கத்தோட நிர்வாகக் குழுவுக்கு நில்லுங்க சார்” என்றால்?

அந்தச் சங்கத்துக்கு வயசு அதிகம். 1926 செப்டம்பர் 13 அன்று ஒஹையோ மாநிலம் டொலிடோவில் ஒரு கிளப்பில் 60 பேர் கூடி ஆரம்பித்தது. முதல் தலைவர் கர்னல் ஜான் மோர்லி. அப்போது பெயரில் ‘கிரீன்கீப்பர்’ என்ற சொல்தான் இருந்தது. பிற்பாடு ‘கோல்ஃப் மைதான சூப்பரின்டென்டன்ட்கள் சங்கம்’ ஆனது. கான்சாஸ் மாநிலம் லாரன்ஸ் நகரில் இன்று தலைமை அலுவலகம். அங்கே சம்பளத்துக்கு ஆட்கள் உண்டு. குழு உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. கிளைகளின் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல வருடம் குழுவில் உழைத்து, படிப்படியாக ஏறினால், ஒரே ஒரு வருடம் தலைவர் நாற்காலி.

நம் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் பதவிக்கே ஆள் கிடைக்காத கதை நமக்குத் தெரியும். இங்கே அதைவிடப் பெரிய சிக்கல், இவர் கிளம்ப மூன்று பேர் சரி சொல்ல வேண்டும். வீட்டில் சொல்ல வேண்டும். சம்பளம் தரும் கிளப் சொல்ல வேண்டும். மூன்றாவது, இவருடைய உதவியாளர். கூட்டம் நடக்கும் நாளில் பம்ப் பழுதானாலும் புல் வாடினாலும் அவர் தலையில்தான் விடியும். தலைவர்களின் படங்கள் சுவரில் மாட்டப்படுகின்றன. உதவியாளர்களின் படம் எங்கேயாவது இருக்கிறதா? எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொரு தர்மசங்கடமும் உண்டு. சங்கத்தின் வருடாந்திரக் கண்காட்சியில் கடை போடுவது யார்? புல்வெட்டும் இயந்திரம், மருந்து, விதை விற்கும் கம்பெனிகள். அதே கம்பெனிகள் இவர் மைதானத்துக்கும் சரக்கு விற்க வருவார்கள். கைகுலுக்கும்போது கவனமாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு விஷயம். 2003-ல் ஒரு புது விதி அமலுக்கு வந்தது. ‘ஏ’ வகுப்பு உறுப்பினராகத் தொடர வேண்டுமா? ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, வகுப்புகளில் படித்து இத்தனை புள்ளி சேர்த்திருக்க வேண்டும். அனுபவத்தாலேயே மேலே வந்தவர்கள் நிறைந்த தொழில் இது. “முப்பது வருஷம் புல் வளர்த்தவனுக்கு இனி பாடமா?” என்று கோபம் வராதா? வந்தது, பெரிய விவாதமே நடந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்த யோசனையைக் கூட்டாளிகளிடம் கொண்டுபோய் நின்றவர்கள் கோட்டு சூட்டு அதிகாரிகள் அல்ல. அவர்களும் சூப்பரின்டென்டன்ட்கள்தான். விதி நிறைவேறியதும், மற்றவர்களோடு அதே வகுப்பில் அவர்களும் போய் உட்கார வேண்டியிருந்தது.