வாப்பாவுக்காக துஆ கேட்கலாமா?



கனடாவில் வாழும் உறவுப் பெண் ஒருத்தி தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்வியே மேலே தலைப்பாக உள்ளது. அவளுடைய தந்தைக்குக் கணையத்தில் புற்றுநோய். மருத்துவர்கள் கைவிரித்தபின், அந்நாட்டுச் சட்டம் 2016 முதல் அனுமதிக்கும் மருத்துவ உதவியுடனான மரணத்தை அவர் கேட்டுப் பெற்றுக்கொண்டார். மகள் கடைசி இரவுவரை மன்றாடினாள். அவர் மனம் மாறவில்லை. ஜனாஸாவுக்கு வந்தவர்களில் சிலர் காரணம் அறிந்ததும் ஸஃப்பிலிருந்து விலகிச் சென்றனர். அன்று முதல், கையேந்தும்போது வாப்பாவின் பெயரைச் சொல்ல நா அஞ்சுகிறது என்றாள்.

மார்க்கத்தின் நிலை தெளிவானது. தம்மைத் தாமே கொன்றுகொள்வதை அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் தடுக்கிறது. சட்டம் அனுமதித்தது, மருத்துவர் ஊசி போட்டார் என்பதால் ஹராம் ஹலாலாகிவிடாது. (பயனற்ற சிகிச்சையை நிறுத்துவதும் வலி தணிக்கும் மருந்தை ஏற்பதும் இதில் சேரா. இவற்றையும் அதனோடு சேர்த்தெண்ணி ஆண்டுக்கணக்கில் புழுங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு.)

விலகிச் சென்றவர்கள் ஒரு ஹதீஸை எண்ணியிருக்கலாம். அம்பு முனையால் தன்னை மாய்த்துக்கொண்டவருக்கு நபி (ஸல்) அவர்கள் தொழவைக்கவில்லை. ஆனால் அது பிறரை எச்சரிப்பதற்காகவே என்றும், தோழர்கள் அவருக்குத் தொழுதனர் என்றும் இமாம் நவவி (ரஹ்) எடுத்துரைக்கிறார்கள். ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளின்படியும் அத்தகையவருக்கு ஜனாஸா தொழுகை உண்டு.

அதே ஸஹீஹ் முஸ்லிமில் நாம் மேடைகளில் அதிகம் கேட்டிராத இன்னொரு செய்தியும் இருக்கிறது. துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களுடன் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த ஒருவர் நோயுற்றார். வேதனை பொறுக்காமல் தம் விரல் மூட்டுகளை அறுத்துக்கொண்டார். குருதி நிற்காமல் இறந்துபோனார். பின்னர் துஃபைல் (ரலி) அவரைக் கனவில் கண்டார்கள். நல்ல தோற்றத்தில்தான் இருந்தார். கைகளை மட்டும் மூடியிருந்தார். ஹிஜ்ரத்தின் பொருட்டால் இறைவன் தம்மை மன்னித்துவிட்டதாகவும், தாமே கெடுத்துக்கொண்ட கைகள் சீராக்கப்படமாட்டா எனத் தம்மிடம் கூறப்பட்டதாகவும் சொன்னார். இதைச் செவியுற்ற அண்ணலார் (ஸல்) அவரைப் பழிக்கவில்லை. அந்தக் கைகளையும் மன்னிக்குமாறு அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள்.

இதை அவளுக்குச் சொன்னேன். வெகுநேரம் மறுமுனையில் அழுகை மட்டுமே கேட்டது.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வார்த்தை. பழப்பையுடன் சென்று கால்மணி நேரம் அமர்ந்து திரும்புவதையே நோய் விசாரித்தல் என்கிறோம். வலி முற்றும் பின்னிரவுகளில் அந்த வீட்டில் நம்மில் எவரும் இருப்பதில்லை. அவர் உயிரோடிருந்த மாதங்களில் வராத கண்டிப்பு, மய்யித்தின் முன்னால் மட்டும் எங்கிருந்து வந்தது?

சென்ற வாரம் அவள் மீண்டும் அழைத்தாள். வாப்பாவின் பெயரால் ஊர் மத்ரஸாவில் ஒரு கிணறு வெட்ட எவ்வளவு செலவாகும் என்று விசாரித்தாள்.